மலை மேல் விழுந்த திருச்சி மாவீரர்

திருச்சி பாலக்கரையிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு மணிக்கூண்டைக் காணலாம். காய்கறி மூட்டைகளும் வண்டிகளும் நெருக்கியடிக்கும் இடம் அது. போகிற அவசரத்தில் அதைப் பலர் கவனிப்பதில்லை.

அது வெறும் மணிக்கூண்டு அல்ல. போர் நினைவுச் சின்னம். 1914-ம் ஆண்டு மூண்ட முதல் உலகப் போருக்குத் திருச்சியிலிருந்து 302 பேர் போனார்கள். அவர்களில் 41 பேர் உயிர் கொடுத்தார்கள். அந்தக் கணக்கைத்தான் அது சொல்கிறது.

அவர்கள் போனது வெள்ளைக்கார அரசின் போருக்கு. அதற்குப் பிறகு 80 ஆண்டுக்கு மேல் கழித்து, இதே திருச்சியிலிருந்து ஓர் இளைஞர் சொந்த நாட்டின் மண்ணைக் காக்கப் புறப்பட்டார். அவருக்கும் இந்த ஊரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. கன்டோன்மெண்ட் பகுதியில் இருக்கிறது.

அவர் பெயர் மேஜர் சரவணன்.

ராமேசுவரத்தில் பிறந்தவர்

சரவணன் 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி ராமேசுவரத்தில் பிறந்தார். தந்தை மாரியப்பன் ராணுவத்தில் லெப்டினென்ட் கர்னல் பதவி வகித்தவர். ஆகவே ராணுவ உடுப்பு சரவணனுக்குப் புதிதல்ல. பிறந்த வீட்டிலேயே பார்த்து வளர்ந்தது.

திருச்சி கேம்பியன் பள்ளியில் படித்தார். பிறகு தெப்பக்குளம் அருகே உள்ள புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தார். ராமேசுவரத்தில் பிறந்து அந்தக் கல்லூரிக்கு வந்த இன்னொருவரை நாடே அறியும். அவர் பின்னாளில் ஜனாதிபதியான அப்துல் கலாம்.

கல்லூரியில் சரவணன் என்.சி.சி. மாணவர் படையில் சேர்ந்து பயிற்சி பெற்றார். அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் பல மாணவர்களுக்குக் கல்லூரியோடு முடிந்துவிடும். சரவணனுக்கு அதுவே வாழ்க்கை ஆயிற்று. 1995-ம் ஆண்டு அவர் ராணுவ அதிகாரி ஆனார்.

அவருக்குக் கிடைத்தது பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். சிப்பாய்கள் வடக்கத்தியர்கள், பேசுவது இந்தி. தலைமை தாங்கப் போனவரோ தமிழ்ப் பிள்ளை. ஆனால் போர்முனையில் ஊரும் மொழியும் யாருக்கு நினைவிருக்கும்? முன்னால் போகிறவர் யார் என்பதைத்தான் சிப்பாய் பார்ப்பான்.

காலியான காவல் அரண்கள்

லடாக்கில் கார்கில் என்ற மலைப் பகுதி உண்டு. குளிர்காலத்தில் அங்கே ஆள் உயரத்துக்கும் மேலே பனி கொட்டும். அந்த மாதங்களில் உயரமான காவல் அரண்களை விட்டு வீரர்கள் கீழே இறங்குவது அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்தது. பனி உருகியதும் மீண்டும் ஏறுவார்கள்.

1999-ம் ஆண்டு அந்த இடைவெளியில் பாகிஸ்தான் படையினர் எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து, சிகரங்களில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். மே மாதம் 3-ந் தேதி, பட்டாலிக் பக்கத்தில் காணாமல் போன தன் யாக் மாட்டைத் தேடிப் போன ஓர் இடையர் அவர்களைக் கண்டார். உடனே ராணுவத்துக்குச் சொன்னார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஸ்ரீநகரிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் சாலை கார்கில் வழியாகத்தான் செல்கிறது. மேலே இருப்பவன் அந்தச் சாலையையே குறி வைக்கலாம். ஆகவே ஒவ்வொரு சிகரமாக மீட்டாக வேண்டும்.

ஐம்பது மலைக்கோட்டை உயரம்

சரவணனிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, பட்டாலிக் பகுதியில் ஜூபர் மலையில் இருந்த எதிரி அரணைப் பிடிப்பது. அதன் உயரம் 14,000 அடி.

திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 273 அடி. ஐம்பது மலைக்கோட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது! அங்கே நாலு அடி எடுத்து வைத்தால் மூச்சு வாங்கும். மறைந்து நிற்க மரம் கிடையாது. மொட்டைப் பாறை. மேலே பதுங்கு குழிக்குள் எதிரி. கீழேயிருந்து முதுகில் சுமையோடு ஏறுகிறவன் அவன் கண்ணுக்குத் தப்ப முடியாது.

போர் தொடங்கிய புதிது. மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை துப்பாக்கிகள் வைத்திருக்கிறார்கள் என்ற முழு விவரம் அப்போது கிடைத்திருக்கவில்லை. அந்த நிலையில்தான் சரவணனும் அவருடைய வீரர்களும் மலை ஏறினார்கள்.

மே மாதம் 29-ந் தேதி. இன்னும் பொழுது விடியவில்லை. தாக்குதல் ஆரம்பமாயிற்று. மேலேயிருந்து குண்டுகள் மழையாகப் பொழிந்தன. சரவணன் ராக்கெட் லாஞ்சரை எடுத்து எதிரியின் அரணை நோக்கிச் சுட்டார். எதிரிகள் இருவர் மாண்டனர்.

சரவணன் உடம்பிலும் குண்டுச் சிதறல் பாய்ந்தது. இரத்தம் கொட்டியது. கூட வந்தவர்களில் பலருக்கும் காயம். நிலைமையை அறிந்த மேலதிகாரி, பின்வாங்கும்படி வயர்லெஸ்ஸில் உத்தரவிட்டார்.

அந்த நொடியில் திரும்பியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். காயம்பட்டவர் திரும்புவது போர்முறைதான். ஆனால் எதிரியின் அரண் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சரவணன் திரும்பவில்லை. காயத்தோடு முன்னேறினார். இன்னும் போரிட்டார். கடைசியில் தலையில் குண்டு பாய்ந்து விழுந்தார்.

அப்போது அவருக்கு வயது 26.

அதே நாளில் அதே போரில் பாட்னா பக்கத்தைச் சேர்ந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் உயிர் நீத்தார். காவிரிக்கரையில் வளர்ந்த பிள்ளையும் கங்கைக்கரைப் பிள்ளையும் ஒரே மலையில் சாய்ந்தார்கள்.

வராத உடல்

அன்று மலை பிடிபடவில்லை.

சரவணனின் உடல் எதிரியின் துப்பாக்கிக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. எடுக்கப் போகிறவர்களும் திரும்ப முடியாது. மகன் இறந்தான் என்ற செய்தி வந்துவிட்டது. உடல் வரவில்லை. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, ஒரு மாதத்துக்கு மேல் திருச்சியில் அந்தக் குடும்பம் காத்திருந்தது. முகத்தைப் பார்த்து அழுவதற்குக்கூட வழியில்லாத துயரத்தைப் பெற்றவள்தான் அறிவாள்.

அவருடைய பட்டாலியனும் சும்மா இருக்கவில்லை. பெரிய பீரங்கிகள் கொண்டுவரப்பட்டன. மலை இரவும் பகலும் தாக்கப்பட்டது. ஜூலை மாதம், எந்த மலையில் சரவணன் விழுந்தாரோ அந்த ஜூபர் மலையை அதே பீகார் வீரர்கள் பிடித்தார்கள். தங்கள் அதிகாரியின் உடலையும் மீட்டார்கள். மலைப் பனி அதைக் காத்து வைத்திருந்தது.

ஜூலை 26-ந் தேதி போர் முடிந்தது. அந்தப் போரில் இந்தியா இழந்த வீரர்கள் 527 பேர்.

மே 29-ல் சரவணன் வெற்றி பெறவில்லையே, அவருடைய உயிர் வீண்தானா என்று சிலருக்குத் தோன்றலாம். வீண் அல்ல. எதிரி எவ்வளவு பலமாக வேரூன்றியிருக்கிறான் என்பதை முதலில் ஏறியவர்கள் தங்கள் உயிரைக் கொடுத்துக் காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் தக்க ஆயத்தத்தோடு ஏறினார்கள். சிகரத்தில் கொடி நாட்டியவர்களின் வெற்றியில் முதலில் விழுந்தவர்களுக்கும் பங்கு உண்டு.

இந்திய அரசு சரவணனுக்கு வீர சக்கரம் வழங்கிக் கௌரவித்தது. பட்டாலிக் வீரர் என்று நாடு அவரைக் கொண்டாடுகிறது.

ஆண்டுதோறும் மே 29-ந் தேதி கன்டோன்மெண்டில் உள்ள அவருடைய நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைத்து வணங்குகிறார்கள். மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையோடு அந்தப் பக்கமாகப் போகிறார்கள். சரவணனும் ஒரு காலத்தில் அந்தத் தெருக்களில் பள்ளிக்குப் போய் வந்தவர்தான்.