பொன் தேடப் போனவர் கண்டெடுத்த மின்சாரம்

கேமரன் மலைக்குச் சுற்றுலா போகும் மாணவர்கள் தேயிலைத் தோட்டங்களையும் ரிங்லெட் ஏரியையும் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அந்த ஏரி இயற்கையாக அமைந்ததன்று. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையில் தேங்கும் நீர் அது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கி, முதலில் ஜோர் நிலையத்திலும் பிறகு வோ நிலையத்திலும் அது மின்சாரம் தருகிறது.

தேயிலை விளையும் மலையில் மின்சாரமும் விளையும் என்று அதற்கு வெகுகாலம் முன்பே இலங்கையில் கணக்குப் போட்டுக் காட்டியவர் டி. ஜே. விமலசுரேந்திர.

1874 செப்டம்பர் 17ஆம் நாள் காலியில் பிறந்த அவர், பொதுப்பணித் துறையில் பொறியாளராகப் பணியாற்றினார். மலையகத்தின் கெஹல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆறுகளில் பொன் கிடைக்குமா என்று ஆராயும் வேலை அவருக்கு வந்தது. அவர் கண்ணில் பட்டதோ பொன் அன்று, பாறைகளில் விழுந்து வீணாக ஓடிய நீரின் வலிமை. நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் அமைத்து, அந்த நகருக்கு மின்சாரம் கொடுத்துக் காட்டினார்.

1918இல் இலங்கைப் பொறியாளர் சங்கத்தில் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தார். இயந்திரங்களைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. கப்பலில் வரும் எரிபொருளுக்குக் காலமெல்லாம் பணம் கட்டுவதா, சொந்த ஆற்றின் நீரைப் பயன்படுத்துவதா, எது நாட்டுக்குச் சிக்கனம் என்பதே அவருடைய கேள்வி. காலனி அரசு அவசரம் காட்டவில்லை. 1924இல் தொடங்கிய லக்சபானா வேலையும் பாதியில் நின்றது.

அவர் ஓய்ந்துவிடவில்லை. அரசுப் பணியிலிருந்து விலகியபின் தேர்தலில் நின்று, 1931இல் இரத்தினபுரி உறுப்பினராக அரசாங்க சபைக்குள் நுழைந்தார். அதிகாரியாக இருந்து சொன்னதை அங்கே மக்கள் பிரதிநிதியாகச் சொன்னார். லக்சபானாவின் முதல் கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 76. 1953 ஆகஸ்ட் 10ஆம் நாள் காலமானார். 1965இல் அதே ஆற்றில் எழுந்த 50 மெகாவாட் நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது. அங்கே சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர், கீழே உள்ள லக்சபானாவிலும் மறுபடி உழைக்கிறது. நம் ஜோரும் வோவும் போலத்தான்.

இன்று எந்த நேரத்தில் எந்த நிலையத்தை ஓட்டுவது, அணை நீரை மாலை நேரத் தேவைக்குச் சேமிப்பதா, இப்போதே திறப்பதா, எரிவாயுவையும் நிலக்கரியையும் எவ்வளவு எரிப்பது என்பதையெல்லாம் கட்டுப்பாட்டு மையங்களில் கணினி நொடியில் கணக்கிட்டுச் சொல்கிறது. மின்சாரத்தை வாங்கி விற்பதும் இந்தக் கணக்கை நம்பித்தான். கருவி மாறியிருக்கிறது, கேள்வி விமலசுரேந்திர கேட்டதுதான். பொறியியல் படிக்க விரும்பும் மாணவர்கள் பொருளாதாரத்தையும் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே பதில்.