சிவப்புத் தாளில் வந்த புரட்சி

பௌர்ணமி இரவில் நம் மலையை வலம் வருவோர் கையில் எத்தனையோ துண்டுப் பிரசுரங்கள் திணிக்கப்படுகின்றன. சோதிட நிலையம், நகைக்கடை, ஆன்மிகச் சொற்பொழிவு என்று பலவகை. விடிந்து பார்த்தால் அவை கிரிவலப் பாதையில் மிதிபட்டுக் கிடக்கும். அவற்றைக் காணும்போதெல்லாம், ஒரு காலத்தில் இத்தகைய தாள்களைக் கண்டு ஓர் அரசாங்கமே அஞ்சியது என்பது என் நினைவுக்கு வரும். அத்தாள்களை எழுதியவர் சுப்பிரமணிய பாரதியார்.

பாரதியாரைக் கவிஞராகவே நாம் பாடநூல்களில் சந்திக்கிறோம். எனக்கோ அவரைப் பத்திரிகையாளராகக் காண்பதில் தனி விருப்பம். 1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்த அவர், 1904இல் சென்னை 'சுதேசமித்திர'னில் உதவியாசிரியரானார். அங்கே மொழிபெயர்ப்பு வேலை மிகுதி. மனத்திலிருப்பதை எழுத இடம் குறைவு. 1906இல் 'இந்தியா' வார இதழ் தோன்றியதும் அக்குறை தீர்ந்தது. புரட்சியின் நிறமான சிவப்புத் தாளில் அது வெளிவந்தது. முதற்பக்கத்தில் கேலிச் சித்திரம். எழுத்தறிந்தோர் அரிதாயிருந்த அந்நாளில், படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்துச் செய்தியை உணர்ந்துகொள்ளலாம் அல்லவா?

1907இல் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மிதவாதிகளைப் பாரதியார் தம் எழுத்தில் விட்டுவைத்ததில்லை. அம்மிதவாதிகளுள் ஒருவரான வி. கிருஷ்ணசாமி ஐயரே அவர் பாடல்களைக் கேட்டு உருகி, 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். சிறு நூல்தான், ஆயினும் அது நுழையாத இடம் இல்லை எனலாம்.

மறு ஆண்டு மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். திருநெல்வேலி கொந்தளித்தது. அரசின் பார்வை 'இந்தியா' மீது திரும்பியது. ஏட்டில் ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்தவர் சீனிவாசன் என்பவர். அவர் பிடிபட்டுச் சிறை சென்றார். எழுதிய பாரதியாரோ நண்பர்களின் வற்புறுத்தலால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார்.

இதுபற்றி எங்கள் விடுதியில் ஒருமுறை காரசாரமான விவாதம் நடந்தது. பேனா பிடித்தவர் ஒருவர், விலங்கு பூண்டவர் மற்றொருவர். இது முறையா என்று நண்பர்கள் கேட்டனர். முழு விடை எனக்கும் அகப்படவில்லை. பாரதியார் சிறை புகுந்திருந்தால் அந்த ஏடு அன்றே மடிந்திருக்கும் என்று வாதாடினேன். ஆனால் சீனிவாசனின் பெயரை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை என்பதை ஒப்புக்கொண்டேயாக வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து 'இந்தியா' மீண்டும் எழுந்தது. ஆங்கில அரசு அதனைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தது. 1910 மார்ச்சில் இதழ் நின்றது. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டபின் கெடுபிடி இன்னும் மிகுந்தது. 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகியவையும் தடை செய்யப்பட்டன. முன்னது தன்வரலாற்றுக் கவிதை. பின்னது சாதிக் கொடுமையைப் பேசும் கதை! அவற்றில் எந்த வெடிகுண்டைக் கண்டார்களோ!

இன்று செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பேருந்தேறினால் மூன்று மணி நேரத்தில் நாம் புதுச்சேரியை அடைந்துவிடலாம். அவ்வூரின் எல்லையைத் தாண்ட அவருக்குப் பத்தாண்டுகள் பிடித்தன. 1918 நவம்பரில் தாண்டியவுடன் கைதாகி, கடலூர்ச் சிறையில் இருபது நாட்களுக்கு மேல் அடைபட்டு, நிபந்தனைகளை ஏற்று வெளிவந்தார். பத்திரிகையை முடக்கிய அரசு, தன்னை அறியாமலே நமக்கு ஒரு நன்மை செய்தது: 'பாஞ்சாலி சபத'மும் 'கண்ணன் பாட்டு'ம் 'குயில் பாட்டு'ம் அந்தப் புதுச்சேரி வாழ்வில் பிறந்தவை.

தாமஸ் பெயின் 1776 ஜனவரியில் வெளியிட்ட சிறு நூல் ஆறே மாதத்தில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு வழிகோலிற்று என்பர். பாரதியாருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே, திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தார். ஏழாண்டுகள் கழித்து, 1928இல், பர்மா அரசு அவர் பாடல் நூலுக்குத் தடை விதித்தது. சென்னையிலும் போலீசார் பிரதிகளைப் பறிமுதல் செய்தனர். இறந்தவரின் எழுத்துக்கு இத்தனை அச்சமா என்று சட்டசபையில் சத்தியமூர்த்தி கொதித்தெழுந்தார். நாடு விடுதலை பெற்றபின், 1949இல், அதே சென்னை அரசாங்கம் அவருடைய படைப்புகளின் உரிமையை விலை கொடுத்து வாங்கியது.