மகனைத் துயிலெழுப்பிய தந்தை

அண்ணல் அம்பேத்கரின் திருவுருவப் படத்திற்கு ஆண்டுதோறும் மாலையிட்டு வணங்குகிறோம். ஆனால் அவரை அந்த உயரத்திற்கு ஏற்றிவிட்ட தந்தையை நாம் அதிகம் நினைப்பதில்லை. கல்விக்கென்றே தோன்றிய நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அத்தந்தையின் வரலாறு இடம்பெறுவது பொருத்தமாகும்.

அவர் பெயர் ராம்ஜி சக்பால். மராட்டிய மண்ணில், இரத்தினகிரிப் பகுதியில் உள்ள அம்படவே என்னும் சிற்றூரைப் பூர்வீகமாகக் கொண்ட மகார் குலத்தவர். இராணுவத்தில் சுபேதாராக உயர்ந்து, படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். அவருடைய பதினான்காம் மகவாக 1891 ஏப்ரல் 14 அன்று மௌ நகரில் பீமராவ் பிறந்தார். சில ஆண்டுகளில் தந்தை ஓய்வு பெற்றார். தாய் பீமாபாய் மறைந்தார். அத்தை மீராபாய் பிள்ளைகளைப் பேணி வளர்த்தார்.

சதாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன், வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணியின்மீது தனித்து அமர்ந்தான். பணியாள் ஊற்றினாலன்றிக் குடிநீர் கிடையாது. இந்த இழிவைக் கண்டு ராம்ஜி மகனின் படிப்பை நிறுத்திவிடவில்லை. வீட்டில் தாமே அருகமர்ந்து கணக்கும் ஆங்கிலமும் மொழிபெயர்ப்பும் பயிற்றுவித்தார்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறை. அடுக்களையும் அதுவே, படுக்கையும் அதுவே, படிப்பறையும் அதுவே. இருவர் நீட்டிப் படுக்கவும் இடமில்லை. எனவே மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்துவிட்டுத் தந்தை விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பி விளக்கின்முன் அமர்த்திய பின்னரே தாம் கண்ணயர்வார். மகன் புத்தகம் கேட்டால் இல்லையென்று சொன்னதில்லை. கையில் பணமில்லாதபோது மணமாகிச் சென்ற மகளிடம் நகையை இரவல் பெற்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார்.

1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறினார், 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 தொடக்கத்தில் பரோடாவில் பணியேற்ற சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. திரும்பும் வழியில், தந்தைக்கு இனிப்பு வாங்கச் சூரத் நிலையத்தில் இறங்கியவர் இரயிலைத் தவறவிட்டார். மறுநாள் வீடு சேர்ந்தபோது ராம்ஜி இறுதி மூச்சில் இருந்தார். மகனின் முகத்தைக் கண்டபின் அவர் உயிர் பிரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் மகன் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தார். அதைக் காணத் தந்தை இல்லை. தாம் பெற்றதைப் பிறருக்கும் அளிக்க விரும்பிய அண்ணல், 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில், விடியுமுன் ஜீப்பேறி ஏலமலைக்குச் செல்லும் பெற்றோர் பலர். தமக்கு எழுத்தறிவில்லை, பிள்ளையின் படிப்பில் தாம் செய்ய என்ன இருக்கிறது என்று அவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. ராம்ஜி கற்றவர்தாம், ஆங்கிலம் சொல்லித்தர அவரால் முடிந்தது. ஆனால் இரண்டு மணிக்கு மகனை எழுப்ப எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. இன்று பள்ளிக்குப் போனாயா என்று கேட்பதற்கும், மூத்த மகளைக் கைக்குழந்தைக்குக் காவலாக வீட்டில் நிறுத்தாமல் இருப்பதற்கும், வேலையில்லா நாளொன்றில் ஆசிரியரைக் கண்டு பேசுவதற்கும் எழுத்தறிவு வேண்டியதில்லை.

இளைஞர்களே! இம்மலரைப் படிக்கும் உங்களில் பலர், உங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். பெற்றோர் மலையேறிய வீட்டில், தம்பி தங்கையரை எழுப்பி விளக்கின்முன் அமர்த்தும் கடமை உங்களுடையது. அண்ணலுக்கு நாம் சூட்டும் மாலைகளில் அதுவே வாடாத மாலை.