வான் நியூமன் திறந்த கதவு

திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைவது இன்று கணினியின் சொற்படியே. 2017 ஜூனில் 'நாட்பெட்யா' என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவியபோது, மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் முடங்கியது. தன்னைத்தானே படியெடுக்கும் இத்தகைய நிரல்களுக்கான தர்க்கத்தை ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்பே வகுத்தவர் ஜான் வான் நியூமன்.

1903-இல் புடாபெஸ்டில் வங்கியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஜூரிச்சில் வேதிப் பொறியியல் பயின்றுகொண்டே, 1926-இல் புடாபெஸ்டில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1933 முதல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் பேராசிரியர். 1945-இல் அவர் எழுதிய அறிக்கை, கட்டளைகளையும் தரவுகளையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் கணினியை விவரித்தது. எக்கர்ட், மாக்லி ஆகியோருக்கும் அதில் பங்குண்டு. பெயர் என்னவோ இவருக்கே நிலைத்தது.

இயந்திரம் தன்னைப் போன்ற இயந்திரத்தைப் பெற்றெடுக்குமா? 1948-இல் பாசடேனாவில் ஆற்றிய உரையில் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். காசிமேட்டில் படகு கட்டும் தச்சரை எண்ணிப் பாருங்கள். வரைபடத்தைப் படித்துப் படகைக் கட்டுகிறார். பின்பு அதே வரைபடத்தைப் பொருள் பாராமல் கோட்டுக்குக் கோடு படியெடுத்துப் புதிய படகில் வைத்துவிடுகிறார். ஒரே குறிப்பு முதலில் கட்டளை, அடுத்து வெறும் எழுத்து. வான் நியூமன் கண்ட விடை இந்த இருமுறைப் பயன்பாடுதான். உயிரணுவும் டி.என்.ஏ.வை இவ்வாறே கையாளுகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று.

2000 மே மாதம் மின்னஞ்சலில் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் செய்ததும் இதுவே. அது ஒரு ஸ்கிரிப்ட் கோப்பு. அதாவது, எவரும் திறந்து வாசிக்கக்கூடிய எழுத்துவடிவ நிரல். இயக்கப்பட்டதும் தன் வரிகளையே தரவாக எடுத்து, வட்டிலிருந்த பிற ஸ்கிரிப்ட் கோப்புகளின் மேல் எழுதியது. அவற்றை யாரேனும் இயக்கினால், மீண்டும் அதே கதை. கட்டளைக்கும் தரவுக்கும் இடையே சுவரில்லாத வீட்டில் இதைத் தடுப்பது கடினம். அச்சுவரை முற்றிலும் எழுப்பிவிட்டால், புதிய நிரலை ஏற்றி இயக்கும் வசதியே போய்விடும்.

இதை அவர்மீது குற்றமாகச் சுமத்துவது நியாயமன்று. கேள்வி கேட்பதென்றால், அணுகுண்டுக்கு ஜப்பானிய நகரங்களைப் பரிந்துரைத்த குழுவில் அமர்ந்ததற்காகக் கேட்கலாம்.

1957 பிப்ரவரி 8 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றபோது வயது 53. தற்படியெடுப்பு பற்றிய நூல் முடியாமல் கிடந்தது. ஆர்தர் பர்க்ஸ் அதை நிறைவுசெய்து 1966-இல் வெளியிட்டார்.