அரங்கனுக்குப் பெண் கொடுத்த பெரியாழ்வார்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆனி சுவாதியில் அவதரித்த விஷ்ணுசித்தர், நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிக்கு மாலை கட்டுவதையே கைங்கர்யமாகக் கொண்டார். மதுரையில் பாண்டியன் சபையில் பரதத்துவ நிர்ணயம் செய்து பொற்கிழி பெற்றார். யானைமீது பவனி வருகையில், கருடவாகனத்தில் காட்சி தந்த எம்பெருமானுக்குக் கண்ணெச்சில் படுமோ என்றஞ்சித் திருப்பல்லாண்டு பாடிப் பெரியாழ்வாரானார்.

துளசியடியில் கண்டெடுத்த கோதையை மகளாக வளர்த்தார். அவளோ மானிடரை மணக்க இசையவில்லை. அரங்கன் நியமனப்படி அவளைப் பல்லக்கில் திருவரங்கம் அழைத்துச் சென்றார். அங்கே அவள் பெருமானோடு கலந்தாள். ஒரே மகளைப் பிரிந்த ஆழ்வார் தனியே ஊர் திரும்பி, முன்போலவே பூத்தொடுத்தார்.

வைகாசி விசாகத் தேர்த்திருவிழாவில் திருப்பூர் ஸ்ரீ வீரராகவப் பெருமாளின் திருக்கல்யாணம் சேவிக்கும் அன்பர்கள், கன்னிகாதானம் செய்த அத்தந்தையின் திருவுள்ளத்தையும் நினைந்து உய்வார்களாக.