செய்யுளில் ஒரு மனு

1897ஆம் ஆண்டு ஜனவரி 24. எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு கடிதம் போகிறது. எழுதியவனுக்கு வயது 14. விஷயம் ரொம்பச் சாதாரணமானது. வீட்டில் பண முடை, அப்பாவால் படிக்க வைக்க முடியவில்லை, படிப்பைத் தொடர உதவி வேண்டும். நாமெல்லாம் ஐந்தாம் படிவம் முடித்து உபகாரச் சம்பளத்துக்கு மனு எழுதுகிறோமே, அந்த மாதிரி ஒரு மனுதான். ஆனால் அந்தப் பையன் அதைச் செய்யுளில் எழுதினான். பாரதியார் எழுதியவற்றில் இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பதில் மிகப் பழையது அதுதான்.

பாரதி விழா என்றால் நம் இயக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெள்ளை முண்டாசு, கண் மையால் வரைந்த மீசை, யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு. தமிழ்ப்பள்ளியில் நானும் அந்தக் கோட்டைப் போட்டு மேடையில் முழங்கியவன்தான். ஆனால் கட்டணத்துக்காகப் பாட்டு எழுதிய அந்த 14 வயதுப் பையனை எந்த மேடையிலும் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்தப் பையனால்தான்.

அவருடைய அப்பா சின்னசாமி ஐயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இயந்திரப் பொறியியல் படிக்கிற எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு தனிப் பாசம். கணிதத்திலும் இயந்திரங்களிலும் அவருக்கு அவ்வளவு ஆர்வம். கரிசல் மண்ணில் பருத்தி விளைகிறது, ஆலை ஏன் நம் ஊரிலேயே இருக்கக்கூடாது என்று நினைத்து, எட்டயபுரத்தில் பஞ்சாலை தொடங்கினார். மகன் சுப்பையாவும் கணக்குப் படித்து அந்த வழிக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. மகனோ கணக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் அதற்கு எதுகை தேடுகிற ரகம். ஐந்து வயதில் அம்மா லட்சுமி அம்மாள் இறந்துவிட்டார். விளையாட்டுத் தோழர்களும் அதிகமில்லை. 11 வயதில் எட்டயபுரத்துச் சபையில் 'பாரதி' பட்டம் கிடைத்தது. அப்பாவுக்கு அதில் பெருமை இருந்திருக்கும், கூடவே கவலையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் வீட்டிலும் அப்படித்தானே.

பஞ்சாலை நொடித்தது. போட்ட பணமெல்லாம் போனது. 1897இல் சுப்பையாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 14, பெண் செல்லம்மாவுக்கு 7. மறு வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். 16 வயது முடிவதற்குள் அம்மா இல்லை, அப்பா இல்லை, சொத்து இல்லை. காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் அழைத்துக்கொண்டதால் படிப்பு பிழைத்தது. நமக்கெல்லாம் தெரிந்த அந்த மீசையும் தலைப்பாகையும் காசியில் வந்தவைதான்.

பிறகு எட்டயபுரம் திரும்பி ஜமீனில் கொஞ்ச காலம் இருந்தார். 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர் வேலை, மாதச் சம்பளம் 17 ரூபாய் 8 அணா. அங்கிருந்து சென்னை, சுதேசமித்திரன், 'இந்தியா' பத்திரிகை. 1908இல் கைது வரும் என்ற நிலையில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். இந்தப் பகுதி பாடநூலிலேயே இருக்கிறது, அதனால் வேகமாகப் போகிறேன்.

நான் நிற்க விரும்புவது 1910இல். பிரிட்டிஷ் அரசு 'இந்தியா' பத்திரிகையைத் தன் எல்லைக்குள் வரவிடாமல் செய்தது. சந்தாதாரரிடம் போய்ச் சேராத பத்திரிகை எத்தனை நாள் ஓடும்? அந்த வருஷம் அது நின்றுபோனது. வருமானமும் நின்றது. வாடகை வீடு, மனைவி, இரண்டு சின்னப் பெண்கள், வாசலில் உளவுப் போலீஸ். பாரதிக்கு அப்போது 27 வயது. அந்த வருஷம்தான் 'கனவு' என்று தன் சொந்தக் கதையைப் பாட்டாக வெளியிடுகிறார். பிற்பாடு 'சுயசரிதை' என்ற பெயரில் நாம் படிப்பது அதைத்தான்.

அதில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? பத்து வயதில் ஒரு சிறுமிமேல் வந்த காதல். விவரம் தெரியாத வயதில் பண்ணிவைத்த கல்யாணம். திருநெல்வேலியில் படித்த இங்கிலீஷ் படிப்புக்கு அப்பா ஓராயிரம் செலவழித்ததும், அதனால் தனக்கு நன்மை எதுவும் கிடைக்கவில்லை என்ற கோபமும். அந்நியரின் சூழ்ச்சியால் அப்பாவின் செல்வம் கரைந்தது. பணம் போனதும் உறவும் நட்பும் விலகின. வீட்டு மானம் என்று நாம் மூடி மறைக்கிற எல்லாவற்றையும் அவர் செய்யுளில் வைத்துவிட்டார். தேவாரம், புராணம், அரசன் புகழ் என்று இருந்த தமிழ்ச் செய்யுளுக்குள், நொடித்துப்போன ஒரு பஞ்சாலை முதலாளி கதாபாத்திரமாக வருகிறார். அப்பாவைக் குறை சொல்லவுமில்லை, தெய்வமாக்கவுமில்லை. தோற்றுப்போன ஒரு மனிதராக, அன்போடு பார்க்கிறார். நூலின் முகப்பில் பட்டினத்தாரின் ஒரு வரியை வைத்தார் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வணிகக் குடியில் பிறந்து எல்லாவற்றையும் விட்டு நடந்தவர் அல்லவா பட்டினத்தார்.

சொந்தக் கஷ்டத்தை அழுகையாக மட்டும் எழுதியிருந்தால் ஒரு நூலோடு முடிந்திருக்கும். பாரதிக்கு அதை வைத்துச் சிரிக்கவும் தெரிந்தது. கண்ணன் பாட்டில் 'கண்ணன் என் சேவகன்' படித்திருக்கிறீர்களா? தொடக்கத்தில் வேலைக்காரர்கள் சொல்லும் சாக்குகள் வரிசையாக வருகின்றன. குடித்தனம் நடத்தத் திணறிய ஒரு வீட்டின் அன்றாடத் தொல்லை அது. அந்தத் தொல்லைக்கு நடுவில், கூலி கேட்காத ஆளாகக் கண்ணனே வந்து நிற்கிறான். பெருமாளை வேலைக்காரனாகக் கூப்பிடும் துணிச்சல் சும்மா வராது. புதுச்சேரி மணக்குள விநாயகர் மேல் பாடிய நான்மணிமாலையிலும் இதே கதைதான். கவிதைதான் என் தொழில் என்று பிள்ளையாரிடமே நேராகச் சொல்லிவிடுகிறார். வேலை இல்லாதவர் என்று ஊர் நினைத்த காலத்தில் சொன்னது அது.

இந்த இடத்தில் ஒன்றைப் பேசாமல் போக எனக்கு மனமில்லை. செல்லம்மா சமைக்க வைத்திருந்த அரிசியை எடுத்துக் குருவிகளுக்குப் போட்ட கதையை நாம் எல்லா விழாவிலும் சொல்கிறோம், கை தட்டுகிறோம். அந்த அரிசி எங்கிருந்து வந்தது, அன்றைக்கு உலையில் என்ன போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வரைகிற, எழுதுகிற, இசையமைக்கிற நண்பர்கள் நம் இயக்கத்திலும் இருக்கிறார்கள். கஷ்டப்பட்டால்தான் நல்ல கலை வரும், பாரதியைப் பார் என்று அவர்களிடம் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பாரதி வறுமையை ஒருநாளும் விரும்பவில்லை. அதிலிருந்து வெளியே வர அவர் போட்ட திட்டம் சாதாரணத் திட்டமல்ல.

1918இல் புதுச்சேரியை விட்டு வந்ததும் கடலூரில் கைதாகிச் சில வாரம் சிறையில் இருந்தார். பிறகு செல்லம்மாவின் ஊரான கடையத்துக்குப் போனார். 1919இல் மறுபடி எட்டயபுரம் ஜமீனுக்குச் சீட்டுக்கவி எழுதினார். 22 வருஷத்துக்கு முன்னால் உதவி கேட்ட அதே வாசல். ஆனால் இந்த முறை தொனி வேறு. புலவனுக்குரிய மரியாதையோடு பரிசு தரவேண்டும் என்று நிமிர்ந்து நின்று கேட்டார். பலன் ஒன்றும் கிடைக்கவில்லை.

1920இல் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி போடுவது. அச்சுக்கு 20,000 ரூபாய், விளம்பரத்துக்கு மட்டும் 10,000 ரூபாய். கடனாகக் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்றார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும் விட வேகமாகத் தன் புத்தகங்கள் வீடுவீடாகப் போகும் என்று நம்பினார். கணக்குப் பிடிக்காத பையன் போட்ட கணக்கைப் பாருங்கள், மொத்தம் நான்கு லட்சம் பிரதி! பஞ்சாலை வைத்தவரின் மகன் என்பது இதில்தான் எனக்குத் தெரிகிறது. பணம் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் மறுபடி சுதேசமித்திரனில் வேலைக்குச் சேர்ந்தார். 1921 செப்டம்பர் 11ஆம் தேதி இரவு, திருவல்லிக்கேணி வீட்டில் காலமானார். வயது 38. இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் இருபது பேர் அளவில்தான்.

நான்கு மாதம் கழித்து, 1922 தொடக்கத்தில், சுதேச கீதங்கள் மீண்டும் அச்சில் வந்தன. வெளியிட்டது ஜமீனும் இல்லை, பணக்கார நண்பர்களும் இல்லை. 'பாரதி ஆச்ரமம்' என்று பெயர் வைத்துப் புத்தகம் போட்டவர் செல்லம்மா பாரதி.