புழுதிக்குள் ஒரு புகாட்டி

பழைய கார்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னவுடன் விடுதி நண்பர்கள் சிரித்தார்கள். சைக்கிள்கூட இல்லாதவனுக்குக் கார் எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் என்னை இதில் இழுத்துவிட்டது ஓடுகிற கார் அன்று; ஓடாமல் நின்ற கார்.

இங்கிலாந்தின் வடபகுதியில் நியூகாசில் என்றொரு நகரம். அங்கு வாழ்ந்த மருத்துவர் ஒருவர் 2007இல் காலமானார். உறவினர்கள் அவருடைய கார் கொட்டகையைத் திறந்தபோது, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக வெளியே வராத ஒரு கார் புழுதி மூடி நின்றது. 1937இல் செய்யப்பட்ட புகாட்டி 57எஸ் அது. 2009 பிப்ரவரியில் பாரிசு நகரில், பழுது பார்க்காமல் இருந்த நிலையிலேயே ஏலம் விட்டார்கள். 34 லட்சம் யூரோவுக்குப் போயிற்று.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அதன் படத்தை என் தந்தையிடம் காட்டினேன். அவர் லாரிப் பட்டறையில் எஞ்சின் வேலை பார்ப்பவர். ஓடாத வண்டிக்கு இவ்வளவு பணமா என்று முதலில் கேட்டார். பிறகு நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செய்தவன் யார் என்று கேட்டார். அதற்கு விடை தேடப் போய்த்தான் எட்டோரே புகாட்டியின் வாழ்க்கையைப் படித்தேன்.

எட்டோரே 1881 செப்டம்பர் 15ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். தந்தை கார்லோ மரச்சாமான்களைப் புதுமையாக அமைத்துப் புகழ் பெற்றவர். தம்பி ரெம்ப்ராண்ட் விலங்குகளைச் சிற்பமாக வடிப்பதில் வல்லவர். எட்டோரேயும் கலைஞராகத்தான் வளர்க்கப்பட்டார். தம்பியின் கைத்திறனுக்கு முன்னால் தம்முடையது நிற்காது என்று உணர்ந்தே அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார் என்பர். மூன்று சக்கர வண்டிகள் செய்யும் ஒரு தொழிலகத்தில் வேலை பழகினார். 1901இல் தாமே அமைத்த காரை மிலான் கண்காட்சியில் வைத்துப் பரிசு பெற்றார். மறு ஆண்டே அல்சேஸ் பகுதியிலிருந்த டி டீட்ரிக் நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அவருக்கு 21 வயது நிரம்பாததால் ஒப்பந்தத்தில் தந்தை கையெழுத்திட வேண்டியிருந்தது. எனக்கும் இப்போது 20 வயது. ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைப் பிடித்து வாசிக்கத்தான் கற்றிருக்கிறேன்!

சில ஆண்டுகள் பிறருக்கு உழைத்தார். கொலோன் நகரில் பணியாற்றியபோது, வீட்டின் நிலவறையில் தமக்கென ஒரு சிறிய காரைச் செய்துகொண்டார். 1909இன் இறுதியில் வேலையை விட்டு, அல்சேசில் மோல்ஷைம் என்ற சிற்றூருக்கு அருகே, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சாயப்பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். இன்று பாழடைந்த கொட்டகைகளில் புகாட்டி கார்களைத் தேடி அலைகிறார்கள். அந்தக் கார்கள் பிறந்ததே பாழடைந்த கொட்டகையில்தான்.

1914இல் போர் மூண்டது. அல்சேஸ் அப்போது ஜெர்மனியின் வசம் இருந்தது. எட்டோரே முடிந்திருந்த இரண்டு பந்தயக் கார்களுடன் மிலானுக்குப் போனார். மேலும் மூன்று கார்களுக்கான பாகங்களைத் தொழிற்சாலைக்கு அருகே மண்ணில் புதைத்துவிட்டுப் போனார். கலகக் காலத்தில் பாத்திர பண்டங்களைக் கொல்லையில் புதைத்ததாக நம் பாட்டிமார் சொல்வார்களே, அதே வேலைதான். போர் முடிந்து திரும்பியபோது அல்சேஸ் பிரான்சுக்கு உரியதாகிவிட்டது. பாகங்களைத் தோண்டி எடுத்துக் கார்களாக்கினார். 1920இல் லெமான் நகரில் நடந்த சிறுகார்ப் பந்தயத்தில் வெற்றி. 1921இல் இத்தாலியின் பிரெஸ்சியாவில் முதல் நான்கு இடங்களும் புகாட்டிக்கே!

ஆனால் தம்பி இல்லை. ரெம்ப்ராண்ட் 1916இல் பாரிசில் தற்கொலை செய்துகொண்டார். வயது 31. அவர் வடித்த யானை ஒன்று, பின்னங்கால்களில் நின்று துதிக்கையை உயர்த்தியது, பிற்காலத்தில் அண்ணனின் மிகப் பெரிய காருக்கு முகப்புச் சின்னமாயிற்று. எட்டோரே அதைப்பற்றி என்ன நினைத்தாரோ, அந்த யானை அந்தக் காரின் முன்னால் நின்றுகொண்டே இருந்தது.

1924இல் வந்த 35ஆம் வகைக் கார்தான் அவர் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் நடக்கும் டார்கா ஃபுளோரியோ பந்தயத்தில் 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து புகாட்டியே வென்றது. பந்தயச் செய்திகளை எழுதப் புகுந்தால் இந்த மலர் போதாது.

அந்த யானையைச் சுமந்த கார் ராயல். அரசர்களுக்காகவே எண்ணிச் செய்யப்பட்டது. எட்டு சிலிண்டர், 12.7 லிட்டர் எஞ்சின், எடை மூன்று டன்னுக்கு மேல். இருபத்தைந்து செய்யத் திட்டமிட்டார். 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அரசர் ஒருவரும் வாங்க வரவில்லை. மொத்தம் ஏழு செய்தார். வாடிக்கையாளருக்கு விற்றவை மூன்றே. வாங்கியவர்களில் ஒருவர் இரவில் கார் ஓட்டுவதில்லை என்று விளக்கே வேண்டாமென்று சொல்லிவிட்டாராம்! மிஞ்சிய எஞ்சின்களை எட்டோரே ரயில் பெட்டிகளில் பொருத்தினார். அப்படி உருவான ரயில் வண்டிகளே அந்தத் தொழிற்சாலைக்கு அடுத்த சில ஆண்டுகள் சோறு போட்டன. தோல்வியை இப்படித் திருப்பிக்கொண்ட அறிவை நான் வியக்கிறேன்.

ஆனால் எட்டோரேயின் வாழ்வில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. 1936இல் பிரான்சு முழுவதும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் அதனால்தான் அந்நாட்டில் சட்டமாயின. மோல்ஷைமிலும் வேலை நின்றது. எட்டோரே தம் தொழிலாளரைக் குடும்பத்தாரைப் போல நடத்தியவர், நல்ல கூலி கொடுத்தவர் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அதனாலேயே அவர் மனம் புண்பட்டது. தொழிற்சாலையை மகன் ழானிடம் ஒப்படைத்துவிட்டுப் பாரிசுக்குப் போய்விட்டார். அதன்பின் பெரும்பாலும் அங்கேயே இருந்தார். சம்பளத்தோடு விடுமுறை என்பதை என் தந்தை இன்றுவரை கண்டதில்லை. ஆகையால் இந்த இடத்தில் எட்டோரேயின் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. அந்தக் கார்களின் ஒவ்வொரு பாகத்தையும் அரம் பிடித்து இழைத்த கைகள் கேட்டது இரண்டு வார ஓய்வு. அதில் அவமதிப்பைக் கண்டது பெருமகனுக்கு அழகன்று.

ழான் தந்தைக்கு இளைத்தவர் அல்லர். இன்று கோடிகளில் பேசப்படும் 57ஆம் வகை அவருடைய கைவண்ணமே. 1939 ஆகஸ்ட் 11ஆம் நாள், அவ்வாண்டு லெமானில் வென்ற காரையே மோல்ஷைமுக்கு அருகில் சாலையில் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் குறுக்கே வந்த ஒருவர் மேல் மோதாமல் இருக்கக் காரைத் திருப்பி, மரத்தில் மோதி இறந்தார். வயது 30. அடுத்த மாதமே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது.

ஜெர்மானியர் தொழிற்சாலையை வற்புறுத்தி வாங்கிக்கொண்டனர். ராயல் கார்களில் மூன்றை, பகைவர் கையில் சிக்காதபடி, பாரிசுக்கு அருகே ஏர்மெனோன்வில்லில் இருந்த குடும்ப வீட்டில் வைத்துச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். போர் முடிந்தபோது பிரெஞ்சு அரசே தொழிற்சாலையைப் பறிமுதல் செய்தது. அதை மீட்க எட்டோரே நீதிமன்றம் ஏறினார். 1947இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அப்போது அவர் நோயில் விழுந்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் காலமானார். மோல்ஷைமை அடுத்த டோர்லிஷைமில் அடக்கம் செய்யப்பட்டார்.

சுவருக்குப் பின்னால் நின்ற கார்கள் என்னவாயின? 1950இல் அமெரிக்கப் பந்தய வீரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் அவற்றில் இரண்டை எட்டோரேயின் மகளிடமிருந்து வாங்கினார். சிறிது பணமும், அப்போது பிரான்சில் கிடைக்காத இரண்டு குளிர்பதனப் பெட்டிகளும் கொடுத்தாராம். அந்த இரண்டில் ஒன்று 1987இல் லண்டனில் 55 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. வேறொரு ராயல், ஜெர்மன் மருத்துவர் ஒருவர் வாங்கியது, ஷாங்காய் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்து, குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்து வெடித்துப் பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தது. தண்ணீர் உறைந்தால் பருமன் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு கூடும் என்று நாங்கள் தேர்வில் எழுதுகிறோம். ராயலின் இரும்பும் அதைத் தாங்கவில்லை. 1946இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் சார்லஸ் செயின் 400 டாலருக்கு அதை வாங்கிச் சீர்படுத்தினார். இன்று ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் வெள்ளை நிறத்தில் நிற்கிறது.

இன்னும் ஒன்று கிடைக்கவில்லை. அட்லாண்டிக் என்று பெயரிட்டு ழான் செய்த நான்கு கார்களில் அவரே வைத்திருந்த கறுப்புக் கார் அது. போர்க்காலத்தில் மோல்ஷைமிலிருந்து போர்தோ நகருக்கு ரயிலில் அனுப்ப வேண்டிய கார்களின் பட்டியலில் அது இருந்தது. அதன்பின் தடயமே இல்லை. எங்கேனும் ஒரு கொட்டகையில் வைக்கோலுக்கடியில் நிற்கும் என்று இன்றும் தேடுகிறார்கள்.

இதை என் தந்தையிடம் சொன்னேன். எண்பது வருடத்துக்கு மேல் நின்றிருந்தால் பிஸ்டன் நன்றாகப் பிடித்துப் போயிருக்கும் என்றார். கண்டெடுப்பவர்கள் அவசரப்பட்டுச் சுழற்றிவிடக் கூடாதாம். பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, பத்து நாளாவது ஊறவிட வேண்டுமாம்.